மெசபொத்தேமியப் போர்முனையில் இந்தியக் காலாட்படை வீரன்: பெயரும் எண்ணும்

முன்னுரை

போர் வரலாறு பெரும்பாலும் அரசர், தளபதியர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. களத்தில் மாய்ந்த கடைநிலை வீரன் அதில் எண்ணிக்கையாகவே இடம்பெறுகிறான். தமிழகத்து நடுகல் மரபு இதனின்றும் வேறுபட்டது. ஆகோள் பூசலில் இறந்த எளிய வீரரின் பெயரையும் ஊரையும் அது கல்லில் பொறித்தது. 2006இல் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களும் செங்கம் நடுகற்களும் இதற்குச் சான்றாகும். இப்பின்புலத்தில், முதல் உலகப்போரின்போது மெசபொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்த இந்தியச் சிப்பாயின் வாழ்வையும் சாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படைச் சேர்க்கை

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் 'போர்க்குடி' என்னும் கருத்தாக்கம் ஆங்கிலேயரிடையே வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என வாதிட்டார். இதனால் காலாட்படையில் தென்னாட்டார் எண்ணிக்கை குறைந்தது. பஞ்சாப், எல்லைப்புறம், கடுவால், நேபாளம் ஆகிய பகுதியினர் மிகுந்தனர். சிப்பாயின் மாத ஊதியம் 11 ரூபாய். அமைதிக் காலத்தில் உணவுச் செலவும் அதனுள் அடங்கும். எனினும் சிறுநிலமும் கடனும் கொண்ட உழவர் குடும்பங்களுக்கு அத்தொகை உறுதியான வருவாயாக இருந்தது.

குட் முற்றுகை

1914 நவம்பரில் இந்தியப் படை ஃபாவ் துறையில் இறங்கிப் பஸ்ராவைக் கைப்பற்றியது. 1915 நவம்பரில் டெசிபோன் போரில் பேரிழப்புக்குள்ளான டவுன்ஷெண்டின் படை பின்வாங்கிக் குட் நகரை அடைந்தது. காயமுற்றோர் வில் பொருத்தப்படாத வண்டிகளிலும் நெரிசல் மிகுந்த படகுகளிலும் ஏற்றி அனுப்பப்பட்டனர். இம்மருத்துவச் சீர்கேட்டினை 1917இல் வெளிவந்த மெசபொத்தேமிய ஆணைய அறிக்கை கடுமையாகக் கண்டித்தது.

குட் முற்றுகை 147 நாட்கள் நீடித்தது. சமய நெறி கருதி இந்திய வீரர் பலர் குதிரை இறைச்சியை உண்ண மறுத்தனர். காய்கறியும் கிடைக்காமையால் ஸ்கர்வி நோய் அவர்களிடையே பரவியது. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் இந்தியர். சிறைப்பட்டோர் பாலைவெளியில் நடத்திச் செல்லப்பட்டனர். இருப்புப்பாதைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டோர் பலர் பசியாலும் பிணியாலும் மடிந்தனர். முற்றுகையை உடைக்க வெளியிலிருந்து முயன்ற படையினருள் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் சுமார் 23,000 பேர்.

நினைவுச் சின்னங்கள் காட்டும் வேறுபாடு

பிரான்சில் 1927இல் திறக்கப்பட்ட நெவ் ஷாப்பேல் நினைவுச் சின்னம் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னமோ, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது. அதில் ஆங்கிலேய வீரர், இந்திய அதிகாரிகள் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியக் கடைநிலை வீரரோ அவரவர் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணாகக் குறிக்கப்பட்டனர். 47ஆம் சீக்கியர் படைப்பிரிவு பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் போரிட்டது. ஒரே பிரிவில், ஒரே ஊதியத்தில் பணியாற்றியவருள் பிரான்சில் இறந்தவர் பெயர் பெற்றார். டைகிரிஸ் கரையில் இறந்தவர் எண்ணானார். எனவே, இவ்வேறுபாட்டிற்கு வீரமோ தகுதியோ காரணமன்று என்பது தெளிவு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திற்காக 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வறிக்கை இதனை உறுதிசெய்கிறது. 45,000 முதல் 54,000 வரையிலான வீரர்கள் சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவேயில்லை என்றும் அது மதிப்பிட்டது. அன்று நிலவிய இனப்பாகுபாடே இதற்கு அடிப்படை என்பதை ஏற்று ஆணையம் மன்னிப்புக் கோரியது.

முடிவுரை

வீரனை எவ்வாறு நினைவுகூர்வது என்பது அவனை மனிதனாக மதித்ததன் அளவைக் காட்டுகிறது. ஊராரும் உறவினரும் எழுப்பிய நடுகல்லில் இறந்தவன் பெயரால் அறியப்பட்டான். பேரரசு எழுப்பிய பஸ்ரா நினைவுச் சின்னத்தில் எண்ணால் அறியப்பட்டான். நடுகல் ஆய்வில் தேர்ந்த தமிழ் ஆய்வாளர்கள் இந்தியப் போர் நினைவுச் சின்னங்களையும் அக்கண்கொண்டு ஒப்பிட்டு ஆராய்தல், பெயரிழந்த இவ்வீரரை வரலாற்றில் மீட்டெடுக்கத் துணைபுரியும்.