கூலிக்கு வைத்த பெயர்கள்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைச் சுற்றிய வயல்களில் ஏர் ஓட்டுவதும் வரப்பு வெட்டுவதும் ஆண் வேலை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண் வேலை. ஆள் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. ‘வேலையே வேறு, எப்படி ஒப்பிடுவது?’ என்பதுதான் பண்ணையாரின் பதில். இந்தப் பதிலின் வரலாறு வயலோடு முடியவில்லை.

1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது; ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம கூலி என்றது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம் ‘பெண் சுருக்கெழுத்தர்’ என்று தனிப்பிரிவு வைத்துக் குறைந்த சம்பளம் கொடுத்துவந்தது. ஆட்ரி டி’கோஸ்டா வழக்குத் தொடுத்தார். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு இந்தத் தீர்ப்பு ஒரு கணக்குப் பாடமாகவும் தெரிகிறது. 1973இல் ஒஹாகா, பிளைண்டர் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரு முறையை முன்வைத்தார்கள். ஆண், பெண் ஊதிய இடைவெளியை அது இரண்டாகப் பிரிக்கும்: படிப்பு, அனுபவம் போன்றவை விளக்கும் பகுதி; எதுவும் விளக்காத பகுதி. பாகுபாட்டை இரண்டாவதில் தேடுவார்கள்.

இதைக் கல்லூரிக்குப் பொருத்துவோம். ஒரு துறையில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியில் நான்கு ஆண்கள், ஒரு பெண், சம்பளம் 60,000. கௌரவ விரிவுரையாளர்களாக ஓர் ஆண், நான்கு பெண்கள், தொகுப்பூதியம் 20,000. ஆண்களின் சராசரி 52,000, பெண்களின் சராசரி 28,000. இடைவெளி 24,000. ஆனால் ‘பதவி’யையும் விளக்கும் காரணிகளில் சேர்த்துவிட்டால் இடைவெளி பூஜ்யம்! ஒரே பாடம், ஒரே வகுப்பறை. பதவிப் பெயர் மட்டும் வேறு. பண்ணையாரின் பதில் இப்போது கணினியிலிருந்து வருகிறது.

ஊதிய வளர்ச்சியிலும் இதே கவனம் வேண்டும். ஒரே ஆண்டில் சேர்ந்த ஆண்களையும் பெண்களையும் ஆண்டுதோறும் பின்தொடர வேண்டும். யார் நிரந்தரமானார், யார் தொகுப்பூதியத்திலேயே நின்றார், யார் பிள்ளைப்பேற்றுக்குப் பின் திரும்பவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இன்றைய சம்பளப் பட்டியலில் விலகிப்போனவளின் பெயரே இருக்காது.

கணக்கு நம் பக்கமும் நிற்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணிமூப்பு, துறை, வயது எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி எஞ்சியது. 2015இல் பெண் பேராசிரியர் ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளமும் 3,515 டாலர் உயர்த்தப்பட்டது.

ஆகவே தோழியரே, ‘பதவியைக் கணக்கில் கொண்டால் வேறுபாடு இல்லை’ என்று ஓர் அறிக்கை சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பதவியை யாருக்கு, யார் கொடுத்தார்கள்?