கண்ணாடிப் பேழையும் மயிற்பொறியும்

மலாக்காவில் நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு பிழை செய்தேன். தோட்டத்து மாணவன் ஒருவன், இயந்திர மீனுள் அமர்ந்து நீரிணையின் அடித்தளம் வரை சென்று வந்ததாகக் கட்டுரை வரைந்திருந்தான். 'நடவாதது' எனச் சிவப்பு மையால் எழுதித் திருப்பினேன்.

அறிவியற் புனைகதை மேலைநாட்டாரின் ஆக்கம் என்றே அந்நாளில் எண்ணியிருந்தேன். 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் அதற்கெனத் தனி இதழ் கண்டார். அவர் பெயரால் அமைந்த ஹியூகோ விருது 1953-இல் முதன்முதலாக வழங்கப்பெற்றது. இதழும் விருதும் அங்குத் தோன்றின என்பது உண்மையே. ஆயின், கற்பனையின் ஊற்று எந்த ஒரு நாட்டிற்கும் தனியுரிமையன்று.

மலாக்கா சுல்தான்களின் வரலாற்றைக் கூறும் 'செஜாரா மெலாயு' 1612-இல் தொகுக்கப்பெற்றதாக அதன் முன்னுரை கூறும். 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்ற நூல் அது. அதில் இந்திய நாட்டரசன் ஒருவன் கடலடியைக் காண விழைகிறான். சுவடிக்குச் சுவடி மாறுபடும் அவன் பெயரில் சோழர் பெயரின் எதிரொலி கேட்கிறது. உள்ளிருந்தே பூட்டவும் திறக்கவும் வல்ல கண்ணாடிப் பேழையைக் கைவினைஞர் செய்ய, பொற்சங்கிலியில் பிணித்த அப்பேழையினுள் அமர்ந்து அவன் ஆழத்தில் இறங்குகிறான். ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கதை நூல்வடிவம் பெற்ற 1870-க்கு இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேல் முற்பட்டது இக்கதை.

நம் சீவக சிந்தாமணியிலும் இத்தகைய கருவி உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த அக்காப்பியத்தில், சச்சந்தன் கருவுற்ற விசயையைக் காக்க மயிற்பொறி செய்விக்கிறான். அரசி அதனை இயக்கப் பயில்கிறாள். பகை சூழ்ந்த நாளில் அதிலேறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள்.

இவற்றைக் காட்டிப் பழந்தமிழர் வானூர்தியும் நீர்மூழ்கியும் கண்டனர் என மேடைகளில் முழங்குவோர் உளர். காப்பியம் அதற்குச் சான்றாகாது. புலவனின் கற்பனையைப் பொறியியல் ஆவணமாக்குவது அவன் புலமைக்குப் பெருமை சேர்ப்பதன்று. மந்திரத்தால் பறப்பின் அது மாயக்கதை. மனிதன் செய்த கருவியால், கற்றுத் தேர்ந்த பயிற்சியால் பறப்பின் அங்கே அறிவியற் புனைவின் வித்து உள்ளது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே திறனாய்வின் கடன்.

அவ்வித்து தமிழ் உரைநடையில் தழைக்கப் பெரிதும் உழைத்தவர் பொறியாளர் சுஜாதா (1935–2008). 1980-களில் வெளிவந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' இயந்திர நாய் ஜீனோவை இல்லந்தோறும் அறிமுகப்படுத்திற்று. அறிவியலை மக்களிடம் பரப்பியமைக்காக அவர் பாராட்டப்பெற்றார். சாகித்திய அகாதமி விருதோ அவருக்குக் கிட்டவில்லை. இத்துறையை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கும் போக்கு நம் திறனாய்வாளரிடம் நெடுநாள் நிலவியது. வகுப்பறையில் என் சிவப்பு மையும் அதனையே செய்தது.

அம்மாணவனின் ஏடு இன்று என் கையில் இல்லை. கிடைக்குமாயின் 'நடவாதது' என்பதை அடித்துவிட்டு, 'உன் இயந்திர மீன் எதனால் இயங்கிற்று? உள்ளிருந்தோர் எவ்வாறு மூச்சுவிட்டனர்?' என்று எழுதுவேன். மறுநாள் அவன் விடையோடு வந்திருப்பான்.