பக்கவாதத்துக்குப் பிந்தைய அசதி: காரணிகளைப் பிரித்த வரலாறும் மதுரைப் பேச்சுவழக்கும்

பக்கவாதத்திலிருந்து தேறியவரைப் பிடிக்கும் அசதி, வேலை செய்து களைத்தவரின் அசதி அன்று. தூங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. கையும் காலும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியவர்களிடமும் காணப்படுவதால், செயலிழப்பின் அளவை மட்டும் கொண்டு அதை விளக்க இயலாது. வேறு காரணிகளைத் தேடிய ஆய்வுகளின் வயது ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

நார்வேயின் உடற்கூற்றியல் அறிஞர் ஆல்ஃப் புரூடால் 1973இல் ‘பிரெய்ன்’ இதழில் எழுதிய கட்டுரையைத் தொடக்கச் சான்றாகக் கொள்ளலாம். 1972இல் அவருக்கே பக்கவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தது. தளர்ந்த தசையை அசைக்க எவ்வளவு மனமுயற்சி தேவைப்பட்டது, கவனம் எப்படி நழுவியது, எவ்வளவு விரைவில் களைப்பு வந்தது என்பதையெல்லாம் அவர் பதிவுசெய்தார். நோய் தொடாத வலக்கையின் கையெழுத்தும் மாறிப்போனதை அவர் கவனித்தார் என்பது கட்டுரையின் மிக அரிய குறிப்பு. சேதம் ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி. அசதியைத் துயரத்தின் நிழலாக மட்டும் பார்ப்பவர்கள் இக்குறிப்புக்கு விடை சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கை சார்ந்த ஆய்வுகள் பின்னரே வந்தன. 1999இல் இங்கிள்ஸ் குழுவினர் பக்கவாதம் கண்டோரில் 68 விழுக்காட்டினரிடமும், ஒப்பீட்டுக்கு எடுத்த முதியோரில் 36 விழுக்காட்டினரிடமும் அசதியைக் கண்டனர்.

அடுத்து 2002இல் வெளியான கிளேடர் குழுவினரின் சுவீடன் ஆய்வு இன்றுவரை பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதிகக் கேள்விக்கு உரியதும் அதுவே. பக்கவாதம் வந்து ஈராண்டு கழிந்தோருக்கு அஞ்சலில் வினாத்தாள் அனுப்பப்பட்டது. மனச்சோர்வின் கலப்பை விலக்க, ‘எப்போதும் மனச்சோர்வு’ என்று பதிலளித்தோர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர். எஞ்சியோரில் 10 விழுக்காட்டினர் எப்போதும், 29 விழுக்காட்டினர் அடிக்கடி அசதி கொண்டிருந்தனர். அசதி தனித்து நிற்கும் ஒன்று, அது இறப்புக்கும் முன்னறிகுறி என்பது அவர்களின் முடிவு. முடிவு சரியாக இருக்கலாம். அதை அடைந்த வழி சரியன்று. மனம் சோர்ந்தவரை நீக்கிவிட்டால் மனச்சோர்வும் அசதியும் பிரிந்துவிடுவதில்லை. இரண்டும் ஒருங்கே உள்ளவர்தான் கண்ணிலிருந்து மறைகிறார். மிக அதிகம் வருந்துபவர் அவராகவே இருக்கக்கூடும். மனச்சோர்வு உள்ளோரிடம் அசதி பல மடங்கு கூடுதலாக இருப்பதைப் பிற்காலத் தொகுப்பாய்வுகள் காட்டின. ஆனால் 2007இல் கொரியாவில் 83 பேரிடம் நடந்த சோதனையில், மனச்சோர்வு மருந்தான ஃபுளூவாக்செட்டின் அசதியைக் குறைக்கவில்லை. ஆகவே இரண்டும் உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. நீக்கிப் பார்ப்பதைவிட ஒவ்வொன்றையும் தனித்துக் கேட்பதே பொருத்தமான முறை.

தனித்துக் கேட்கத் தமிழில் ஓர் இடர் உண்டு. ‘சோர்வு’ என்ற சொல் உடலுக்கும் மனத்துக்கும் பொது. வினாத்தாளை மொழிபெயர்ப்பவர் ‘சோர்வாக உணர்கிறீர்களா’ என்று எழுதினால், சுவீடனில் வெட்டிப் பிரிக்கப்பட்ட இரண்டும் இங்கே ஒரே விடையில் கலந்துவிடும். மதுரையிலும் சுற்றுப்புறச் சமவெளியிலும் வழங்கும் பேச்சில் இந்த மயக்கம் குறைவு. ‘மேலுக்கு முடியல’ என்பவர் உடம்பைச் சொல்கிறார். ‘மேல்’ என்றால் இங்கே உடல். ‘மனசு சரியில்ல’ என்பது வேறு. நூல்வழக்கு இழந்த வேறுபாட்டைப் பேச்சுவழக்கு காத்து வைத்திருக்கிறது. வினாத்தாள் எழுதுவோர் இதை இழிவழக்கென்று தள்ளக் கூடாது. அளவீட்டின் துல்லியமே இதில் தங்கியிருக்கிறது. ஒரே அளவுகோலைக் கொண்ட ஆய்வுகளிலும் அசதியின் பரவல் 25 முதல் 85 விழுக்காடு வரை மாறுபடுகிறது. கேள்வியின் சொற்களும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றக் காரணிகளில் தூக்கக் கேடு, வலி, பதற்றம் ஆகியவை உறுதியானவை. பெண்களிடம் அசதி கூடுதல் என்பது பல ஆய்வுகளின் கண்டுபிடிப்பு. மூளையில் புண் அமைந்த இடம் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டுக்கு இரத்தசோகையையும் சேர்த்தாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். பக்கவாத வயது பெரும்பாலும் இதற்கு மேற்பட்டது; எனவே நேரடிச் சான்று மெலிந்ததே. ஆயினும் இரும்புச்சத்துக் குறைவால் ஏற்கெனவே களைத்திருந்த உடலில் பக்கவாதத்தின் பங்கை மட்டும் அளப்பது எப்படி? இரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால் போன்ற மாத்திரைகளும் களைப்பை உண்டாக்குபவை; இம்மருந்துகளை உண்பவரின் அசதியை நோயின் மேல் மட்டும் ஏற்றக் கூடாது.

அசதி எப்போது தொடங்குகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. 2015இல் வூ, மீட் முதலிய ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்க மாதிரி, தொடக்க அசதியை உடல்சார் காரணங்களோடும், நீடிக்கும் அசதியை நடத்தை, மனநிலை ஆகியவற்றோடும் இணைக்கிறது. பக்கவாதத்துக்கு முன்பே அசதி கொண்டிருந்தோர் பின்னரும் அதற்கு ஆளாகிறார்கள் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. ஆனால் முந்தைய அசதி பெரும்பாலும் நோய்க்குப் பின், நினைவிலிருந்து கேட்டுப் பெறப்படுவது. படுக்கையில் கிடப்பவர் சொல்லும் ‘அப்பவே மேலுக்கு முடியாமத்தான் இருந்துச்சு’ என்பது பழைய உடம்பின் நினைவா, இன்றைய உடம்பின் பேச்சா என்பதை இதுவரை வந்த ஆய்வுகள் தீர்க்கவில்லை.