யாருக்கும் தெரியாத காதல்... ஃபேன் ஃபிக்‌ஷனில் 'சீக்ரெட் ரிலேஷன்ஷிப்' ஏன் இவ்வளவு ஃபேமஸ்? எங்கே சிக்கல்?

வகுப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் ஆறு மாதமாக இருவரும் காதலிக்கிறார்கள். நண்பர்களுக்குத் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. படிக்கும் நமக்கு மட்டும் தெரியும்! இதுதான் ஃபேன் ஃபிக்‌ஷனில் பிரபலமான 'சீக்ரெட் ரிலேஷன்ஷிப்' ட்ரோப். அதைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் என்ன?

நாவல், சினிமா, வெப் சீரிஸில் வரும் கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் புதுக் கதைகள்தான் ஃபேன் ஃபிக்‌ஷன். மூலக்கதையை 'கேனான்' என்பார்கள். பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்புக்குப் பெயர் 'ட்ரோப்'.

இந்தக் கதைகளுக்கான முக்கியத் தளம் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. 2009-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தத் தளம், 2019-ல் ஹியூகோ விருதும் வென்றது. இங்கே 'சீக்ரெட் ரிலேஷன்ஷிப்' என்று தனி டேக்கே உண்டு. அதைத் தட்டினால் இந்த வகைக் கதைகள் மட்டும் வரிசையாக வந்துவிடும்.

எழுதுபவர்களுக்கு ஏன் பிடிக்கிறது?

காரணம் ரொம்ப சிம்பிள். மூலக்கதையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஹாரி பாட்டர் நாவல்களில் ஹாரியும் டிராகோ மால்ஃபாயும் எதிரிகள். அவர்களைக் காதலர்களாக எழுத ஆசைப்படும் ரசிகர், அந்தச் சண்டைகளை அழிக்க வேண்டியதில்லை. 'அதெல்லாம் மற்றவர்களுக்காகப் போட்ட நாடகம்' என்று சொன்னால் போதும். நாம் ஏற்கெனவே படித்த காட்சிக்கே இன்னொரு அர்த்தம் வந்துவிடுகிறது. நாவல் சொல்லாமல் விட்ட ராத்திரிகள் எல்லாம் ரசிகருக்குச் சொந்தம்!

கதை எப்படி நகரும்?

பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான்: ஏன் மறைக்கிறார்கள்? யாருக்கு முதலில் சந்தேகம் வரும்? எப்படி வெளியே தெரியும்?

இதில் முதல் கேள்விதான் கதையின் உயிர். 'ஸ்டார் வார்ஸ்' கேனானிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜெடாய் வீரர்கள் பற்று வைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் 2002-ல் வந்த படத்தின் முடிவில் அனகினும் பத்மேயும் ரகசியமாகத் திருமணம் செய்துகொள்கிறார்கள். 2005-ல் வந்த அடுத்த படத்தில், அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தை அவனால் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாது. அந்தப் பயம்தான் அவனைத் தீமையின் பக்கம் தள்ளுகிறது. மறைப்பதற்குப் பெரிய விலை இருந்தால்தான் கதை நிற்கும்.

காமெடியாக எழுதுபவர்களும் உண்டு. பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னால், 'இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே' என்று நண்பர்கள் சிரிப்பார்கள்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. சங்க அகப்பாடல்களில் இதற்குப் பெயர் 'களவு'. ஊர் பேசும் பேச்சு 'அலர்'.

சிக்கல் எங்கே வருகிறது?

கற்பனைப் பாத்திரத்தோடு நின்றால் பிரச்னை இல்லை. நிஜ மனிதர்கள் மேல் இதைப் பொருத்தும்போதுதான் சிக்கல்.

'ஒன் டைரக்‌ஷன்' இசைக்குழுவின் ஹாரி ஸ்டைல்ஸ், லூயி டாம்லின்சன் இருவரும் ரகசியக் காதலர்கள் என்று ரசிகர்கள் ஏராளமான கதைகள் எழுதினார்கள். 'லேரி' என்று பெயரும் வைத்தார்கள். சிலர் அதை உண்மை என்றே நம்பத் தொடங்கினார்கள். லூயி மறுத்தார். 'ரகசியம் என்றால் மறுக்கத்தானே செய்வார்' என்பதுதான் நம்பியவர்களின் பதில்! இந்தப் பேச்சு தங்கள் நட்பையே பாதித்ததாக லூயி பின்னர் பேட்டியில் வருந்தினார். 2019-ல் 'யூஃபோரியா' சீரிஸ் இதை அனிமேஷன் காட்சியாகக் காட்டியபோது, தன்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்றும் சொன்னார்.

கவனிக்க வேண்டியது என்ன?

கதைக்குள் ரகசியத்துக்கு ஆதாரம் தேவையில்லை. எழுதுபவர் சொன்னால் அதுதான் உண்மை. நிஜத்தில் அப்படி இல்லை. எந்தப் பதில் வந்தாலும் நம் சந்தேகம்தான் ஜெயிக்கும் என்றால், எதிரில் இருப்பவர் பேச வழியே இருக்காது. ஹாரி பாட்டருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஹாரி ஸ்டைல்ஸ் அப்படியில்லை, நிஜ மனிதர்.