ஃபோர்க் சீலின் கதை

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு ஆயில் சீல் தேவைப்படத் தொடங்கியது 1930களில்தான். அதற்கு முன் பரவலாக இருந்தது வெளியில் தெரியும் சுருள்வில் கொண்ட கர்டர் ஃபோர்க். அதில் அடைத்துவைக்க எண்ணெயே கிடையாது. 1935இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பொருத்தியது. குழாய்க்குள் குழாய் ஏறி இறங்க, இடைவெளியில் எண்ணெய் கசியாமல் காப்பது புதிய சிக்கலானது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். அதனால் அக்கால எந்திரங்களில் தோல் வளையங்களே பெரிதும் எண்ணெய்க் கசிவைத் தடுத்தன. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரை ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதே பத்தாண்டில் உருவாக்கினர். மெல்லிய சுருள்வில் உள்விளிம்பை இறுக்கிப்பிடிக்கும் இன்றைய சீல் பெரும்பாலும் அந்த ரப்பரால் ஆனது.

1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டிலும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான். அப்படிப்பட்ட பழைய வண்டியில் எண்ணெய் கசிந்தால், சீலை மாற்றுவதைவிடக் குழாயைத் தடவிப் பார்ப்பதே முக்கியம். குரோம் பூச்சு உரிந்து துருப்புள்ளி விழுந்திருந்தால் புதுச் சீலின் விளிம்பும் விரைவில் கிழியும். பழி மட்டும் சீல் மீது விழும்.