கம்பியில் கட்டிய விமானமும் நான் பிழையாக எழுதிய ஒரு பெயரும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை எங்கள் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். இதில் ஒரு திருத்தம் இருக்கிறது. பிழை விட்டது நான்தான்.

போன வருடம் பாடசாலைக் கண்காட்சியில் ஒரு சின்ன விமானம் வைத்திருந்தோம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, சிவப்பு டிஷூ ஒட்டியது. பலர் போட்டோ எடுத்தீர்கள். அதற்குக் கீழே ஒரு மட்டை. "இந்த வகை விமானத்தைக் கண்டுபிடித்தவர்: ஜிம் வோக்கர், அமெரிக்கா, 1940." அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தது நான். எழுதியது தரம் 9 பிள்ளைகள்.

அன்று ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அவருக்கு முதல் ஒருத்தரும் இப்படிக் கட்டிப் பறக்கவிடவே இல்லையா?"

"இல்லை" என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். அந்தப் பதில் பிழை. சரியான கதை இன்னும் சுவாரசியமானது. ஆனால் அதற்கு முதல் இந்த விமானம் என்ன என்று சொல்ல வேண்டும்.

ரிமோட்டில் பறக்கும் விமானம் எல்லோருக்கும் தெரியும். இது அதுவல்ல. இதற்குப் பெயர் கொன்ட்ரோல் லைன். விமானத்தின் இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வெளியே வரும். அவை நடுவில் நிற்பவரின் கைபிடியில் முடியும். விமானம் அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். அவரும் கூடவே சுற்ற வேண்டும். தலை சுற்றாதா என்று கேட்பீர்கள். சுற்றும். பின்னால் ஓடும் மரத்தையும் மதிலையும் பார்க்காமல் விமானத்தை மட்டுமே பார்த்தால் குறையும்.

விமானத்தின் உள்ளே பெல் கிராங்க் என்ற சின்னத் தகடு ஒன்று இருக்கும். நடுவில் ஓர் ஆணியில் அசையும். இரண்டு கம்பியும் அதன் இரண்டு முனைகளில் கட்டப்பட்டிருக்கும். மூன்றாவது முனையிலிருந்து ஒரு தடி வாலுக்குப் போய், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் என்ற பலகையைப் பிடிக்கும். கைபிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும், தகடு திரும்பும், எலிவேட்டர் உயரும், மூக்கு மேலே போகும். கீழே சாய்த்தால் எல்லாம் எதிர்ப்பக்கம். இவ்வளவுதான் முழு இரகசியம். மின்சாரமும் இல்லை, அலையும் இல்லை. நெம்புகோல் பாடத்தில் படிப்பிப்பதுதான்.

வாலைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகளுக்கு அப்பாஸ் இப்னு பிர்னாஸின் கதை ஞாபகம் வரும். 9ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் கொர்தோபாவில் உடம்பில் இறகு கட்டிப் பறந்தவர். கொஞ்சத் தூரம் போய், இறங்கும்போது முதுகில் அடிபட்டது. பறவை இறங்கும்போது வாலைப் பாவிக்கிறது, அவர் வால் வைத்துக்கொள்ளவில்லை என்று காரணம் எழுதப்பட்டிருக்கிறது. இதை எங்களுக்குத் தந்தவர் அல் மக்கரீ. அவர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். ஏழு நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியவர். பழைய நூல்களைப் பார்த்து அவர் எழுதி வைத்திருக்காவிட்டால் இன்று நமக்கு அந்தப் பெயர் தெரியுமோ என்னவோ. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இனி இரட்டை இறக்கை. இதைப் பார்க்கும் எல்லோரும் கேட்பது, ஏன் இரண்டு என்று. விமானம் எழும்ப இறக்கையின் பரப்பளவு வேண்டும். அந்தக் காலத்து மரத்தாலும் துணியாலும் நீளமான ஒற்றை இறக்கை செய்தால் முறியும், முறுகும். அதனால் பரப்பளவை இரண்டாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் கால்களும் குறுக்குக் கம்பிகளும் கட்டினார்கள். இது பாலம் கட்டுகிறவர்களின் வித்தை. 1896இல் ஒக்டேவ் ஷனூட் தன் கிளைடரில் இதைச் செய்தார். அவர் தொழிலால் ரயில்வே, பால எஞ்சினியர். ரைட் சகோதரர்கள் அதே வழியில் போய், 1903 டிசம்பர் 17இல் 12 செக்கன், 120 அடி பறந்தார்கள். பிறகு நல்ல உலோகம் வந்தது. இரண்டு இறக்கையும் இத்தனை கம்பியும் காற்றைத் தடுக்கிறது என்று ஒற்றை இறக்கைக்கு மாறினார்கள். ஆனால் சின்ன மாதிரி விமானத்தில் இரட்டை இறக்கைக்கு இன்றும் மதிப்பு உண்டு. குறுகலானது, உறுதியானது, வேகம் குறைவு. படிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் தரும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1930களின் அமெரிக்கா. வில்லியம் பிரவுன் என்ற இளைஞர் செய்த பிரவுன் ஜூனியர் போன்ற சின்னப் பெற்றோல் எஞ்சின்கள் கடைக்கு வந்த காலம். பிள்ளைகளும் பெரியவர்களும் மாதிரி விமானத்தில் அதைப் பூட்டி விட்டார்கள். விட்டால் விட்டதுதான். பிடிக்க வழியில்லை. காற்று எங்கே கொண்டு போகிறதோ அங்கே. மாதக்கணக்கில் செய்தது ஒரு பின்னேரத்தில் காணாமல் போகும். பொருளாதார வீழ்ச்சிக் காலம், எஞ்சின் விலையும் சும்மா இல்லை. ஆகவே "விமானம் என்னிடமே இருக்க வேண்டும், நான் சொல்வதையும் கேட்க வேண்டும்" என்ற தேவை பலருக்கு ஒரே நேரத்தில் வந்தது.

ஓரிகன் மாநிலத்தின் பெரிய நகரம் போர்ட்லன்ட். அங்கே ஜிம் வோக்கர் இருந்தார். அமெரிக்கன் ஜூனியர் என்ற கம்பனி வைத்து விளையாட்டு விமானங்கள் விற்றவர். 1940இல் ஃபயர்போல் என்ற விமானத்தை இரண்டு கம்பி முறையுடன் சந்தைக்குக் கொண்டு வந்தார். அந்த முறைக்கு யூ-கொன்ட்ரோல் என்று பெயர் வைத்தார். 1942 ஓகஸ்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வியாபாரியாகவும் கெட்டிக்காரர், பறக்கவிடுவதிலும் கெட்டிக்காரர். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் போட்ட தொப்பியில் ஒன்று, மொத்தம் மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டுக் காட்டுவார். யுத்தம் முடிந்த பிறகு இந்த விளையாட்டு எல்லா இடமும் பரவியது. 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதோடு எஞ்சினில் இருந்த கொயிலும் பற்றரியும் தேவையில்லாமல் போய், விமானம் இன்னும் சிறிதானது.

நான் வாசித்து நிறுத்தியது இந்த இடத்தில். பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதைத்தான்.

நான் வாசிக்காமல் விட்டது 1955.

கலிபோர்னியாவில் லீராய் கொக்ஸ் என்றொருவர். யுத்த முடிவில் உலோகம் தட்டுப்பாடாக இருந்தபோது மரத்தில் விளையாட்டுத் துப்பாக்கி செய்து விற்கத் தொடங்கியவர். பிறகு சின்ன எஞ்சின், எஞ்சின் பூட்டிய விமானம் என்று வளர்ந்தவர். அவருடைய .049 எஞ்சின், எங்கள் கணக்கில் சுமார் 0.8 சீசீ, உலகம் முழுக்கப் போனது. தன் காப்புரிமையை மீறினார் என்று வோக்கர் அவர் மேல் வழக்குப் போட்டார்.

காப்புரிமைச் சட்டத்தில் ஓர் அடிப்படை உண்டு. பொருள் புதியதாக இருக்க வேண்டும். உனக்கு முதல் வேறொருவர் அதைச் செய்து, நாலு பேர் அறியப் பாவித்திருந்தால் உரிமை நிற்காது. கொக்ஸின் பக்கம் ஒரு சாட்சி வந்தார். ஓபா செயின்ட் கிளேயர். அவர் 1936இலேயே கம்பியில் கட்டிய விமானத்தைத் தரையில் நின்று ஏற்றி இறக்கிக் காட்டியவர். எங்கே? கிரெஷம் என்ற ஊருக்குப் பக்கத்தில். அதுவும் ஓரிகன்தான். வோக்கரின் போர்ட்லன்டுக்குப் பக்கத்து ஊர்.

செயின்ட் கிளேயரின் ஏற்பாடு இன்றைய கைபிடி மாதிரி இல்லை. பெரிய சட்டகம், பல கம்பிகள், பார்க்கக் கரடுமுரடு. ஆனால் வட்டத்தின் நடுவில் நிற்பவர் கம்பி வழியாக விமானத்தை ஏற்றி இறக்கலாம் என்ற எண்ணம் அங்கே முழுதாக இருந்தது. அந்தச் சாட்சியம் கனமாக விழுந்தது. வோக்கரின் காப்புரிமை செல்லாது என்று முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் காசு கட்டாமல் இந்த விமானத்தைச் செய்யலாம்.

இன்னொருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. டெக்சாசின் ஷூலன்பேர்க்கில் விக்டர் ஸ்டான்செல் என்பவர் ஒற்றைக் கம்பியில் கட்டிப் பறக்கவிடும் முறையில் டைகர் ஷார்க் என்ற விமானத்தை விற்றார். அதுவும் ஃபயர்போலுக்கு முந்தியது.

அப்படியானால் ஜிம் வோக்கர் பொய்யரா? இல்லை. அப்படிச் சொன்னால் ஒரு பிழையைத் திருத்த இன்னொரு பிழை செய்தவனாவேன். இன்று நாம் பாவிக்கும் கைபிடியும் இரண்டு கம்பியும் அவர் பரப்பிய வடிவம்தான். ஆனால் முதலில் செய்தவர் வேறு, முதலில் பதிந்தவர் வேறு, வீடு வீடாகக் கொண்டு போனவர் வேறு. மூன்றையும் "கண்டுபிடித்தவர்" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் ஒருவருடைய ஹக்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தது போலாகும். நான் செய்தது அதுதான்.

இனி எங்கள் விமானம். பல்சா மரத்தை கட்டாரில் வேலை செய்யும் மச்சான் கொண்டு வந்து தந்தார். எஞ்சினுக்கு எரிபொருள் தேடி அலைய முடியாது என்று சின்ன மின் மோட்டாரும் பழுதான ட்ரோன் ஒன்றின் பற்றரியும் போட்டோம். நுனிக்கு நுனி அரை மீற்றர், நிறை 200 கிராம்.

முதலில் கம்பிக்குப் பதிலாகத் தங்கூசி கட்டினோம். அது இழுபட்டு நீண்டது. கையை அசைத்தால் விமானம் யோசித்துவிட்டுத்தான் கேட்டது. மெல்லிய உருக்குக் கம்பிக்கு மாறினோம். அடுத்த நாள் மைதானத்தில் விமானம் ஓடி, எழும்பி, அரை வட்டம் போனது. இன்னும் உயர்த்துவோம் என்று கையைச் சாய்த்தேன். கீழே வந்தது. பயத்தில் இன்னும் சாய்த்தேன். மூக்கால் மண்ணில் குத்தியது. கீழ் இறக்கை இரண்டாக முறிந்து, நடுக் கால்கள் எல்லாம் கழன்றன. கம்பி இரண்டையும் மாற்றிக் கொளுவியிருந்தேன். விடுவதற்கு முதல் ஒருவர் வாலைப் பார்க்க, மற்றவர் கைபிடியை அசைத்து "மேலே, கீழே" என்று சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் செய்யவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ரெஜிபோமில் புதுக் கீழ் இறக்கை வெட்டிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

இரண்டாம் முறை பறந்தது. அன்று பின்னேரம் அதையே கணக்காகச் செய்தோம். கம்பி 10.5 மீற்றர். வட்டத்தின் சுற்றளவு 66 மீற்றர். ஒரு சுற்றுக்கு 5 செக்கன். வேகம் செக்கனுக்கு 13.2 மீற்றர், மணிக்குக் கிட்டத்தட்ட 47 கிலோமீற்றர். அந்த வேகத்தில் 200 கிராம் விமானம் கையை இழுக்கும் விசை சுமார் 3.3 நியூட்டன். அதாவது 340 கிராம் பொருளைத் தூக்கிப் பிடிக்கும் பாரம். இந்த இழுவைதான் கம்பியை இறுக்கி வைக்கிறது. இழுவை போனால் கட்டுப்பாடும் போகும். கணிதம் வராது என்று பின்வாங்கில் இருந்த இரண்டு பேர் அன்று 22/7ஐத் தாங்களாகவே போட்டார்கள். எனக்கு அது போதும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். தடுக்க வேண்டாம். ஆனால் மின்கம்பி போகும் இடத்துக்குக் கிட்டவும் விட வேண்டாம். கையில் இருப்பது உருக்குக் கம்பி. மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். மழை, இடி நேரத்திலும் வேண்டாம். வட்டத்துக்குள் சின்னப் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

கடைசியாக அந்த மாணவிக்கு. மகள், உன் கேள்வி சரி, என் பதில் பிழை. இந்தத் தவணை முதல் நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். பழைய மட்டையைக் கழற்றிவிட்டோம். புதியதை அவளே எழுதினாள்:

"கம்பியில் கட்டி, தரையில் நின்று கட்டுப்படுத்திப் பறக்கவிட்டவர்: ஓபா செயின்ட் கிளேயர், 1936. இரண்டு கம்பி முறையைப் பதிந்து உலகுக்குப் பரப்பியவர்: ஜிம் வோக்கர், 1940க்குப் பின்."

எங்கள் ஊரிலும் இப்படி எத்தனையோ பேர். முதல் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர், முதல் வள்ளம் கட்டியவர், முதல் கிணறு வெட்டியவர். பெயர் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். செயின்ட் கிளேயருக்கு ஒரு நீதிமன்றம் கேட்டது. இப்னு பிர்னாஸுக்கு ஓர் அல் மக்கரீ எழுதினார். எங்கள் மூத்தவர்களிடம் கேட்டு எழுத எங்கள் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் தரம் 9க்கு நான் கொடுத்திருக்கும் வேலை அதுதான். உங்கள் வீட்டு வாப்பும்மாவிடம், மூத்தவாப்பாவிடம் பிள்ளைகள் கொப்பியோடு வந்து இருந்தால் விரட்டாதீர்கள். கொஞ்ச நேரம் பேசவிடுங்கள்.

இதிலும் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். திருத்துவேன், இன்ஷா அல்லாஹ்.