இறாலின் கண்ணும் பி.எஸ்சி. ஜுவாலஜியும்

போன மாசம் காட்டூர் போயிருந்தேன். சித்தி மகன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து டீ குடிக்கும்போது மெதுவா ஆரம்பிச்சான். "அண்ணே, பாப்பா பன்னெண்டாவது முடிச்சிருச்சு. ஜுவாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. மூணு வருஷம் படிச்சா அதுல என்னண்ணே வரும்?"

உள்ளேயிருந்து ஒரு குரல்: "பெரியப்பா, நீங்களாவது சொல்லுங்க!" மாட்டிக்கிட்டேன் :-)

அப்போ ஏதோ சொல்லிச் சமாளிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் உறைச்சது. இந்தக் கணக்கைப் போட பழவேற்காடு ஏரிக்கரையை விட நல்ல இடம் ஏது? உயிரியல் படிப்போட விலை கிடுகிடுன்னு ஏறி, தடால்னு விழுந்ததைக் கண்ணால பார்த்த ஊர்க்காரங்க நாம.

ஏரியில பழைய சொத்து 'பாடு'. எந்த இடத்துல யார் எப்போ வலை போடுறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. எந்த மாசம் இறால் முகத்துவாரம் பக்கம் போகும், எந்தத் தண்ணியில நிக்கும்ங்கற அறிவு அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். அதுக்குப் பட்டம் தேவைப்படல.

பட்டத்துக்கு விலை வந்தது டைகர் இறால் பண்ணைகளாலதான். குளம் வெட்டிடலாம், குஞ்சுக்கு எங்க போறது? தாய் இறாலைத் தொட்டியில விட்டா சினை லேசுல முத்தாது. இதுக்கு விடை கொடுத்தவர் பனூஸ்னு ஒரு பிரெஞ்சு விலங்கியலாளர். இறாலோட கண் காம்புல சினைப்பை வளர விடாம தடுக்கிற ஹார்மோன் இருக்கு, காம்பை எடுத்துட்டா சினைப்பை வளரும்னு 1943-ல காட்டினார். அவர் பண்ணை வைக்கவா அதைச் செஞ்சார்? உலகப் போர் நடக்கிற காலம்! சும்மா தெரிஞ்சுக்கணும்னு செஞ்ச ஆராய்ச்சி, பல வருஷம் கழிச்சு உலகம் பூரா குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு அடிப்படை ஆச்சு. 1980-களின் கடைசியில ஆந்திராவிலும் ஒடிசாவிலும் பெரிய பொரிப்பகங்கள் வந்ததும் கிழக்குக் கரை முழுக்கக் குளம் குளமா வெட்டினாங்க.

எங்க தம்பி அப்போ சின்னப் பையன். ஏரிக்கு வடக்கே ஒரு பண்ணையில காவல் வேலை. அங்க ஒரு 'டெக்னீசியன் சார்' இருந்தாராம். பி.எஸ்சி. ஜுவாலஜி. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பைக். தண்ணியோட உப்பு பார்ப்பார், தீனிக்கணக்கு எழுதுவார். முதலாளியே எழுந்து நின்னு பேசுவாராம். ஜுவாலஜிக்கு அவ்வளவு மவுசு இருந்த காலம்.

1994-ல வெள்ளைப்புள்ளி வைரஸ் இந்தியாவுக்குள்ள வந்துச்சு. ஒரு குளத்துல நுழைஞ்சா பத்து நாளைக்குள்ள மொத்தமும் கரை ஒதுங்கிடும். அடுத்த வருஷம் தம்பி வேலை பார்த்த பண்ணை காலி. டெக்னீசியன் சார் பைக்கை எடுத்துக்கிட்டுப் போனவர்தான். தம்பிக்குக் கடைசி ரெண்டு மாசச் சம்பளம் வரவே இல்ல.

இன்னொரு பக்கம் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்குல 1996 டிசம்பர் 11-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. சிலிக்கா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1000 மீட்டருக்குள்ள இறால் பண்ணை கூடாது. அந்த வழக்குல நீரி நிறுவனம் ஒரு வரவு செலவுக் கணக்கு கொடுத்துச்சு. பண்ணைகளால வந்த வருமானத்தை விட மண்ணுக்கும் தண்ணிக்கும் ஊர் ஜனத்துக்கும் ஆன சேதம் அதிகம்னு அதுல இருந்துச்சு. அந்தச் சேதத்தை அளந்து சொல்லவும் அறிவியல் படிச்சவங்கதான் வேண்டியிருந்தது, கவனிச்சீங்களா?

வைரஸுக்கு அப்புறம் கதை முடியல. குஞ்சை பி.சி.ஆர். சோதனை பண்ணாம குளத்துல விடக்கூடாதுன்னு ஆச்சு. 2009-ல வனாமி இறாலுக்கு அனுமதி கிடைச்சதும் மறுபடி ஆள் தேவைப்பட்டுச்சு. ஆனா இந்தத் தடவை பி.எஸ்சி.ன்னு சொன்னா போதல, சோதனை செய்யத் தெரியுமான்னுதான் கேட்டாங்க.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல வருஷம் இந்த ஏரியிலேயே சுத்தினவர். ஏரியில என்னென்ன உயிர் இருக்குன்னு அவர் எழுதின தொகுப்பைத் தேசிய பல்லுயிர் ஆணையம் 2006-ல வெளியிட்டுச்சு. அதுக்குச் சந்தையில என்ன விலை? ஒண்ணும் கிடையாது. ஆனா நாளைக்கு ஏரி எதை இழந்துச்சுன்னு யாராவது கேட்டா அந்தப் பட்டியலைத்தான் புரட்டணும்.

ஆக என் கணக்கு இதுதான். உயிரியல் அறிவு கோடிகளைச் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கு. ஆனா அந்தக் கோடி பட்டம் வாங்கினவன் வீட்டுக்குப் போகல, குளம் வெச்சிருந்தவன் வீட்டுக்குப் போச்சு. பட்டக்காரனுக்குச் சம்பளம்தான், அதுவும் இறால் உயிரோட இருக்கிற வரைக்கும்.

நேத்து தம்பிக்குப் போன் பண்ணி இதையே சுருக்கமா சொன்னேன். "பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கு. நாலு வருஷத் தொழிற்படிப்பு. முதல்ல அதுக்கு விண்ணப்பம் போடு. கிடைக்கலைன்னா ஜுவாலஜி படிக்கட்டும், அரசுக் கல்லூரியில. கடன் வாங்கித் தனியார்ல சேர்க்காதே. வாத்தியார் வேலைன்னா அதுக்கு மேல பி.எட். ரெண்டு வருஷம், தகுதித் தேர்வு வேற. அந்த அஞ்சு வருஷக் கூலியையும் செலவுல எழுதிக்கோ. லேப் வேலை கையில இருந்தா சோறு உண்டு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் கேட்டான். "ஏண்ணே, அன்னைக்கு அந்த டெக்னீசியன் சாருக்கு வைரஸ்னு தெரியாமலா போச்சு?"

"தெரிஞ்சிருக்காதுடா. அப்போதானே புதுசா வந்துச்சு."

"அப்போ தெரிஞ்சவங்க ஒருத்தராவது நம்ம வீட்டுல இருக்கட்டும்ணே. படிக்கட்டும்."

நான் போட்ட கணக்குல இந்த வரவை எழுதவே இல்லை. நீங்க யாராவது ஜுவாலஜி படிச்சுட்டு என்ன பண்றீங்கன்னு எழுதுங்களேன், பாப்பாகிட்ட காட்டணும்.